யாரிடம் சொல்வது, எங்கே போவது? பாலியல் வன்முறை உதவி பற்றி ஊர்க்கூட்டங்களில் கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறேன். மகளிர் குழுக் கூட்டம், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரை, அங்கன்வாடி வாசல், மில் விடுதி என்று இடம் மாறும். பேச்சு ஒன்றுதான்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் தமிழ்நாட்டில் என்ன உதவி இருக்கிறது, அதை எப்படிப் பெறுவது. கூட்டம் நடக்கும்போது பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. எல்லாம் முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கில்லை அக்கா, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு" என்று ஆரம்பிப்பார். கீழே உள்ளவை அப்படி வந்த கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதியிருக்கிறேன்.

எங்க ஊர்ல இதெல்லாம் நடக்கிறதில்லை. எதுக்கு இங்க வந்து இதைப் பேசுறீங்க?

போகும் ஊரிலெல்லாம் முதலில் வரும் கேள்வி இதுதான். நான் மறுத்து வாதாடுவதில்லை. "நடக்கவில்லை என்றால் நல்லது. ஆனால் 108 எண்ணை விபத்து நடந்த பிறகா மனப்பாடம் செய்தோம்?" என்று மட்டும் கேட்பேன்.

வெளியில் தெரியவில்லை என்பதை வைத்து, நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. செய்தவர் பெரும்பாலும் தெரிந்தவராக இருப்பார்: உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுப்பவர், வாத்தியார். தெரிந்தவர் என்பதாலேயே வாய் அடைத்துப்போகிறது. ஒரு கூட்டத்தில் "எங்க ஊர் அப்படி இல்லம்மா" என்று சத்தமாகச் சொன்ன அம்மாவே, மூன்றாவது முறை நான் அங்கே போனபோது தன் தங்கை மகளைப் பற்றிப் பேச வந்தார்.

தொட்டாதான் குத்தமா? பின்னாடியே வர்றது, அசிங்கமா பேசுறது எல்லாம் இதுல வருமா?

வரும். விருப்பமில்லாமல் தொடுவது, ஆபாசமாகப் பேசுவது, படம் காட்டுவது, பின்தொடர்வது, குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் எட்டிப் பார்ப்பது, படம் எடுப்பது எல்லாமே தண்டனைக்குரியவை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, குற்றங்கள் அப்படியே இருக்கின்றன. எந்தப் பிரிவு என்று கண்டுபிடிப்பது போலீஸ் வேலை. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

181-க்குக் கூப்பிட்டா யார் எடுப்பாங்க? உடனே போலீஸ் வீட்டுக்கு வந்து நிக்குமா?

181 பெண்களுக்கான உதவி எண். தமிழ்நாட்டில் 2018 டிசம்பரிலிருந்து இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. எடுப்பவர் முதலில் கேட்பது நீங்கள் இப்போது பத்திரமாக இருக்கிறீர்களா என்பதைத்தான். ஆபத்து என்றால் போலீஸுக்கோ ஆம்புலன்ஸுக்கோ இணைப்பார்கள். ஆபத்து இல்லை, பேச வேண்டும், விவரம் வேண்டும் என்றால் அதற்கும் ஆள் உண்டு. பெயர் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சொல்லாமலே கேளுங்கள். விவரம் கேட்டீர்கள் என்பதற்காக யாரும் ஜீப்பில் வந்து இறங்க மாட்டார்கள்.

அடிதடி நடந்துகொண்டிருக்கிறது என்றால் 112. குழந்தை என்றால் 1098. இலவச சட்ட உதவிக்கு 15100. மனசு தாங்கவில்லை, தூக்கம் இல்லை என்றால் 14416. இத்தனையும் நினைவில் நிற்காது என்றால் 181 ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

'சகி' மையம்னு சொல்றீங்களே, அது விடுதியா, போலீஸ் ஸ்டேஷனா?

இரண்டும் இல்லை. ஒருங்கிணைந்த சேவை மையம் என்பது அதன் பெயர், 'சகி' என்றும் சொல்கிறார்கள். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து 2015 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய திட்டம். இங்கே சமூக நலத்துறையின் கீழ் மாவட்டங்களில் நடக்கிறது. அடிபட்ட பெண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள், ஸ்டேஷனுக்கு ஒரு நாள், வக்கீலுக்கு ஒரு நாள் என்று அலையாமல், ஒரே இடத்தில் ஆலோசனை, மருத்துவ உதவி, காவல்துறைத் தொடர்பு, சட்ட உதவி எல்லாம் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால்தான் ஆஸ்பத்திரிக்குள்ளோ, அதிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்ளோ மையத்தை அமைக்கச் சொல்கிறது திட்டம்.

வீட்டுக்குத் திரும்ப முடியாத நிலை என்றால் அங்கேயே 5 நாள் வரை தங்கலாம், பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் வேறு தங்கும் இல்லத்துக்கு ஏற்பாடு செய்வார்கள். முக்கியமான விஷயம்: மையத்துக்குள் நுழைய புகார் மனு தேவையில்லை. யோசிக்க இடம் வேண்டும் என்று போய் உட்கார்ந்தாலும் சரி. மாவட்டத் தலைநகரம் ரொம்ப தூரம் என்றால் முதலில் 181-க்குப் பேசுங்கள், அவர்கள் மையத்தோடு இணைத்துவிடுவார்கள்.

நேத்து ராத்திரி நடந்தது. குளிச்சுட்டேன், துணியையும் துவைச்சுட்டேன். இனிமே போய்ப் பிரயோஜனம் உண்டா?

உண்டு. இன்றே போங்கள். குளித்தது தப்பில்லை, யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆஸ்பத்திரிக்குப் போவது சாட்சியத்துக்காக மட்டுமில்லை, முதலில் உங்கள் உடம்புக்காக. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் அதே அவசரம் உண்டு. 72 மணி நேரத்துக்குள் என்பார்கள், 5 நாள் வரைகூடக் கொடுக்கலாம், ஆனால் தாமதமானால் பலன் குறையும். காயத்துக்கு மருந்து, டி.டி. ஊசி, பால்வினை நோய்க்கு மாத்திரை எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

உடம்பிலிருந்து தடயம் எடுப்பதற்குச் சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் 96 மணி நேரம் வரை, அதாவது நான்கு நாள் வரை, இடம் கொடுக்கிறது. அதைத் தாண்டினாலும் காயங்களையும் நீங்கள் சொல்வதையும் மருத்துவர் பதிவு செய்ய வேண்டும். துணி துவைக்காமல் இருந்தால் பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பழைய செய்தித்தாளிலோ காகிதப் பையிலோ சுற்றி எடுத்துப் போங்கள். துவைத்திருந்தால் அந்தத் துணியையும் எடுத்துப் போங்கள். வேண்டுமா வேண்டாமா என்று அங்கே முடிவு செய்யட்டும்.

எஃப்.ஐ.ஆர். இருந்தாத்தான் பார்ப்போம்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்களே?

அப்படிச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. அரசு மருத்துவமனையோ தனியாரோ, பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு உடனே, இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 397-ஆவது பிரிவு. மறுத்தால் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. ஒருமுறை ஒரு பெண்ணை அழைத்துப் போனபோது "போலீஸ் லெட்டர் எங்கே?" என்று கேட்டு இரண்டு மணி நேரம் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். அவர் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தார். பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதி, பணியில் இருந்த மருத்துவரிடம் கொடுத்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். அதிலிருந்து அந்தத் தாள் எப்போதும் என் பையில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் அனுப்பும், அது அவர்கள் கடமை. ஆனால் வயது வந்த பெண் புகார் கொடுக்க விரும்பவில்லை என்றால் அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். சிகிச்சைக்கு ஈடாகப் புகாரை யாரும் கேட்கக் கூடாது.

டாக்டர் சோதனை பண்றது ரொம்ப அசிங்கமா இருக்கும்னு சொல்றாங்க. உண்மையா?

எளிதாக இருக்காது, அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். ஒரு பகுதிக்குச் சம்மதித்து, இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்லலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். கூட ஒரு பெண் துணை இருக்கலாம். பரிசோதனை அறையில் போலீஸ்காரர் நிற்கக் கூடாது.

'இரண்டு விரல் சோதனை' என்று ஒன்று முன்பு இருந்தது. ஏற்கெனவே உறவில் இருந்தவரா என்று பார்க்கிறோம் என்ற பெயரில் பெண்ணை மறுபடியும் காயப்படுத்திய வழக்கம். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் அதைத் தடை செய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி அதைச் செய்வது ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்றது. யாராவது ஆரம்பித்தால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள், 181-க்கும் சொல்லுங்கள்.

'இது எங்க லிமிட் இல்ல'ன்னு ஸ்டேஷன்ல திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன பண்றது?

எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எல்லை வேறு என்றால் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று பதிந்து அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். பாலியல் குற்றத்தில் புகார் சொல்ல வந்த பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் அவர் வீட்டுக்கோ அவர் சொல்லும் இடத்துக்கோ போய்ப் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

பதிய மறுத்தால், பதிய மறுத்த அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் ஸ்டேஷன் வாசலில் நின்று சட்டம் பேசுவது தனியாளாக இருப்பவருக்கு நடக்கிற காரியமா? அதனால் தனியாகப் போகாதீர்கள். 'சகி' மையத்திலிருந்தோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்தோ ஒருவரை அழைத்துப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம். அப்படியும் நடக்கவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் தொடங்கியது. இன்று பெரும்பாலான ஊர்களுக்கு ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கிறது, அங்கேயும் போகலாம்.

பேர் பேப்பர்ல, டிவில வந்துட்டா? அதுக்கு அப்புறம் எப்படி ஊர்ல தலை காட்டுறது?

பெயரையோ, அடையாளம் தெரியும்படி எதையுமோ வெளியிடுவது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஊர்ப் பெயர், பள்ளிக்கூடம், அப்பா பெயர், வீட்டு வாசல் படம் எல்லாம் இதில் அடக்கம். வழக்கு விசாரணையும் மூடிய அறையில்தான் நடக்கும்.

சட்டம் இருந்தும் பெயர் கசிந்தது உண்டு. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார், அரசாணையிலும் அது இடம்பெற்றது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் பரவியது. இரண்டு முறையும் அந்தப் பெண்களுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பணத்தால் ஈடாகாது என்பது தெரிந்ததுதான். ஆனால் தப்பு யாருடையது என்பதை நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. நம் பங்குக்கு ஒன்று செய்யலாம்: வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஏதாவது வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடலாம். அனுப்பினால் நாமும் குற்றவாளிதான்.

புள்ளைக்கு நடந்திருக்கு. அவளோட எதிர்காலத்தை நினைச்சு வெளிய தெரியாம வச்சுக்கலாமா?

இதுவரை நான் சொன்னதிலெல்லாம் முடிவு பாதிக்கப்பட்டவர் கையில் இருந்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் கதை வேறு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை, பள்ளி போன்ற நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. "ஸ்கூல் பேரு கெட்டுடும், நாங்களே விசாரிச்சுக்கிறோம்" என்று எந்தத் தலைமை ஆசிரியரும் சொல்ல முடியாது. நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது.

பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்களே என்று பயப்படாதீர்கள். பிள்ளை இருக்கும் இடத்துக்கு அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது, நம்பிக்கையான பெரியவர் கூட இருக்க வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். குழந்தைகள் நலக் குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கும், வழக்கு முடியும்வரை அவர் குடும்பத்தோடு இருப்பார். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டியதில்லை.

தயவுசெய்து பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அத்தை வந்து ஒரு தரம், சித்தப்பா வந்து ஒரு தரம், போனில் வீடியோ எடுத்து ஒரு தரம் என்று நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நான்காவது தரம் கேட்டபோது அந்தக் குழந்தை கதவு இடுக்கில் போய் நின்றுகொண்டு "ஒண்ணுமே நடக்கல" என்று சொல்லிவிட்டது. ஒருமுறை சொன்னதை நம்புங்கள். "நீ சொன்னது நல்லதுதான், உன் மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள். மீதியைக் கேட்பதற்குப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

பதினேழு வயசுப் பொண்ணு விரும்பின பையனோட போயிட்டா. அவன் மேல போக்சோ போடலாமா?

சட்டப்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்பது செல்லாது. அதனால் வழக்குப் பதிய முடியும். ஆனால் பெண்ணைத் திரும்பக் கொண்டுவர இந்தச் சட்டத்தை ஆயுதமாக எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வழக்கு வந்த பிறகு உங்கள் பெண்தான் மருத்துவப் பரிசோதனைக்கும் மாஜிஸ்திரேட் முன்னாலும் போய் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட வளரிளம் பருவக் காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைமையே சுற்றறிக்கை அனுப்பியது. வற்புறுத்தலோ மிரட்டலோ பெரிய வயது வித்தியாசமோ இருந்தால் அது வேறு. முதலில் பெண்ணிடம் கோபமில்லாமல் பேச ஒருவர் வேண்டும். அதற்கு 1098 அல்லது குழந்தைகள் நலக் குழு.

ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சுடலாம்ங்கிறாங்க. கல்யாணமே பண்ணி வச்சுடலாம்ங்கிறாங்க. அது நல்லதுதானே?

நல்லதில்லை. சட்டப்படி செல்லவும் செல்லாது. பாலியல் வன்கொடுமை சமரசம் பேசி முடிக்கும் குற்றம் அல்ல. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்கூட ஒரு வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பி உத்தரவு வந்தது. அடுத்த சில நாட்களிலேயே வேறொரு வழக்கில், இந்தக் குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உயர் நீதிமன்றமே செய்யக் கூடாததைக் கட்டப்பஞ்சாயத்து செய்யலாமா?

ஆலமரத்தடியில் பேசும்போது அந்தப் பெண்ணை யாரும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பதில்லை. அபராதம் எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, அப்பன் கைக்கு எவ்வளவு என்றுதான் பேச்சு போகும். காயப்படுத்தியவனோடு அவள் காலம் முழுக்க ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடியினர், செய்தவர் அப்படி இல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அதன்படி கிடைக்க வேண்டிய நிவாரணத்தை ஊர்ப் பேச்சு பறித்துவிடும்.

கர்ப்பமாயிட்டா என்ன வழி?

வன்முறையால் உண்டான கருவை 24 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம். 2021 திருத்தம் அதற்கு இடம் கொடுக்கிறது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் போதும், அதற்கு மேல் இரண்டு பேர். வயது வந்த பெண்ணுக்குக் கணவன், பெற்றோர் என்று யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. 18-க்குக் கீழ் என்றால் பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். 24 வாரம் தாண்டிவிட்டால் உயர் நீதிமன்றம் போக வேண்டிவரும். அங்கே ஒவ்வொரு நாளும் கணக்கு, அன்றைக்கே சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். வழக்கு நடக்கிறது என்றால் கருத்திசுவை டி.என்.ஏ. சோதனைக்கு எடுத்து வைக்க வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம் கிடைக்கும்னு சொல்றாங்க. பணத்துக்காகப் புகார் கொடுத்தான்னு பேர் வராதா?

பேசுகிறவர்கள் எதையும் பேசுவார்கள். ஆஸ்பத்திரிக்கு அலைந்தது, வேலைக்குப் போகாமல் இருந்தது, வீடு மாறியது, பிள்ளை படிப்பு நின்றது என்று எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அதற்காக அரசு கொடுப்பதுதான் இழப்பீடு. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் வகுத்து 2018-இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தில், வன்புணர்ச்சிக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை, கூட்டு வன்புணர்ச்சிக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்று இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், பிடிபடாவிட்டாலும் கேட்கலாம். அவசரத் தேவைக்கு இடைக்கால உதவியும் உண்டு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் நிவாரணம் இதிலிருந்து தனி. மத்திய அரசின் விதிப்படி வன்புணர்ச்சிக்கு 5 லட்சம். அதில் பாதி, மருத்துவப் பரிசோதனை முடிந்து உறுதியானவுடனேயே கிடைக்க வேண்டும். தீர்ப்பு வரட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செய்றது என் புருஷனே. அதுக்கு என்ன சட்டம் இருக்கு?

18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வற்புறுத்துவது வன்புணர்ச்சிக் குற்றத்தில் வராது என்ற விதிவிலக்கு புதிய சட்டத்திலும் இருக்கிறது. எனக்கு இது பெரிய அநீதியாகத்தான் படுகிறது. ஆனால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்கிறது. பாதுகாப்பு ஆணை, வீட்டிலேயே இருக்கும் உரிமை, ஜீவனாம்சம் எல்லாம் அதில் கேட்கலாம். மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும், 'சகி' மையத்தில் கேட்டால் அழைத்துப் போவார்கள். பிரிந்து வாழும் மனைவியை வற்புறுத்தினால் அது குற்றம், இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கருக்கலைப்பைப் பொறுத்தவரை, கணவனின் வற்புறுத்தலையும் வன்புணர்ச்சியாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது.

இது ஆம்பளைப் பசங்களுக்கும் பொருந்துமா? திருநங்கைக்கு?

போக்சோ ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை. பையனுக்கு நடந்தாலும் மேலே பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது எல்லாம் பொருந்தும். "பையன்தானே" என்று விட்டுவிடாதீர்கள். வயது வந்த ஆணுக்கு நடப்பதை வன்புணர்ச்சி என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு இன்றைய சட்டத்தில் இல்லை. காயம், அடைத்து வைத்தல், மிரட்டல் போன்ற பிரிவுகளில்தான் போக வேண்டியிருக்கிறது. திருநர்களுக்கு 2019 சட்டத்தில் உள்ள தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுதான், இதுவும் ரொம்பக் குறைவு. ஆனால் ஆஸ்பத்திரியில் அவர்களுக்கும் அதே மாத்திரை, அதே மரியாதை கிடைக்க வேண்டும், அதில் மாற்றமில்லை.

பழைய போட்டோவை வச்சு மிரட்டுறான். டெலிட் பண்ணிட்டு நம்பரை மாத்திட்டா போதுமா?

அழிக்காதீர்கள். மிரட்டல் செய்திகள், அவன் எண், தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பணம் கொடுக்காதீர்கள், ஒரு தரம் கொடுத்தால் கேட்பது நிற்காது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். நேரில் என்றால் மாவட்ட சைபர் கிரைம் பிரிவு.

நடந்து பத்து வருஷம் ஆச்சு. இப்ப சொன்னா யார் நம்புவா? கேஸ் முடியுறதுக்குள்ள நான் கிழவியாயிடுவேனே?

மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலக்கெடு கிடையாது. அதனால் கதவு மூடவில்லை. மருத்துவத் தடயம் இருக்காது என்பது உண்மைதான். அந்தக் காலத்தில் யாரிடமாவது சொன்னீர்களா, எழுதி வைத்தீர்களா, வேலையை விட்டீர்களா, பள்ளியை மாற்றினீர்களா என்பதெல்லாம் உதவும். புகாரே வேண்டாம், மனசில் இருப்பதைச் சொல்ல ஒருவர் வேண்டும் என்றாலும் வாருங்கள். ஆலோசனைக்கும் காலக்கெடு இல்லை.

வழக்கு இழுக்கும் என்பதை மறுக்க மாட்டேன். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தனக் கட்டைச் சோதனை என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பரில். குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்றது நீதிமன்றம், அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். 31 ஆண்டு! அந்த மலைக்கிராமத்துப் பெண்கள் அரசாங்க அதிகாரிகளைக் கோர்ட்டில் அடையாளம் காட்டினார்கள், கடைசிவரை பின்வாங்கவில்லை. பொள்ளாச்சி வழக்கில் ஆறு ஆண்டில், 2025 மே 13-இல், ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. நீங்கள் எவ்வளவு காலம் தாங்க முடியும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். போக வேண்டும் என்றால் கூட வர ஆள் இருக்கிறோம்.

தோழி என்கிட்ட வந்து சொன்னா நான் என்ன சொல்றது? எனக்கு வாயே வராது.

வாய் வராவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் உட்காருங்கள். "நீ ஏன் அங்க போனே?", "அந்த நேரத்துல எதுக்கு?", "கத்தலையா?" என்ற மூன்றையும் தொண்டையிலேயே நிறுத்திவிடுங்கள். பயத்தில் உடம்பு உறைந்துபோவது இயல்பு, கத்தாததற்குச் சம்மதம் என்று பொருளில்லை. "நான் உன்னை நம்புறேன்" என்று சொல்லுங்கள். சாப்பிட்டாயா, காயம் இருக்கிறதா, இன்று ராத்திரி எங்கே படுப்பாய் என்று கேளுங்கள். பிறகு 72 மணி நேரக் கணக்கைச் சொல்லுங்கள், ஏனென்றால் அது மட்டும்தான் காத்திருக்காது. மற்ற எல்லாவற்றையும் அவள் யோசித்துச் சொல்லட்டும்.

நான் குழுத் தலைவி. எங்க ஊர்ல நானே இதைப் பேச ஆரம்பிக்கணும். எப்படி?

முதல் கூட்டத்திலேயே இதைத் தலைப்பாக வைக்காதீர்கள். ரத்தசோகை, ரேஷன், வங்கிக் கடன் என்று பேசிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். தவறாமல் மாதாமாதம். ஆரம்பத்தில் நாங்கள் நோட்டீஸ் கொடுத்தோம். அதை வீட்டுக்குக் கொண்டுபோனதற்காகவே ஒரு பெண் அடி வாங்கினார். அதன் பிறகு 'முக்கிய எண்கள்' என்று ஓர் அட்டை அச்சடித்தோம். மின்சார வாரியம், கேஸ் புக்கிங், 108, கால்நடை ஆஸ்பத்திரி, அதற்கு நடுவில் 181, 1098. அடுப்படிச் சுவரில் யாரும் கேள்வி கேட்காமல் தொங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குழு பாஸ்புக்கின் உள்ளட்டையில் 181 என்று பெரிதாக எழுதிக் காட்டுங்கள், மூன்று எண்களின் வடிவம் மனதில் பதிந்துவிடும்.

ஒருவர் சொன்னதை இன்னொரு ஊரில் உதாரணமாகச் சொல்லாதீர்கள். பெயர் மாற்றினாலும் சம்பந்தி ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். கூட்டத்தில் போட்டோ எடுத்துக் குழுவில் போடாதீர்கள், அப்புறம் யாரும் வர மாட்டார்கள். பிள்ளைகளிடம் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. மேலே சொன்னபடி போக்சோவில் அதைக் காப்பாற்ற முடியாது. "உனக்கு உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள், அதை மீறாதீர்கள். உங்கள் மாவட்ட 'சகி' மையத்துக்கு ஒருமுறை நேரில் போய், எந்தப் பஸ், எந்த நிறுத்தம், எந்த வாசல் என்று பார்த்து வந்துவிடுங்கள். "பெரியாஸ்பத்திரி பின்பக்கம், நீலக் கேட்டு" என்று நீங்கள் சொல்ல முடிந்தால்தான் அந்தப் பெண் கிளம்புவாள்.

கூட்டத்துக்குப் போகும்போது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கலைந்த பிறகு அரை மணி நேரமாவது அங்கே நிற்க உங்களுக்கு நேரம் வேண்டும்.